முடியுமா என்று கேட்டேன், செய்கிறாரா என்று கேட்கவில்லை

நோய்க்கோ அடிக்கோ பிறகு குளியல், சமையல் போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக பதினோரு வருடம் ஆகிறது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த ஓர் அம்மா, வயது 76. சாப்பிடுவது, நடப்பது, கழிப்பறை போவது போன்றவற்றுக்கு மதிப்பெண் போடும் பார்த்தெல் அளவுகோலில் வார்டில் 100-க்கு 90 வந்தது. குளியலில் 5, படியேறுவதில் 5 குறைந்தது, அவ்வளவுதான். நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். கழிப்பறை கொல்லைப்புறத்தில். இரண்டு படி இறங்கி, துவைக்கிற கல்லைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே குத்தவைக்கிற டாய்லெட். வார்டில் நான் முழு மதிப்பெண் போட்டது கைப்பிடி வைத்த வெஸ்டர்னுக்கு. "எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல தம்பி. ராத்திரி எந்திரிக்க வேண்டாம் பாருங்க."

மருமகளுக்கே அதுவரை தெரியாது.

அப்புறம் ஒரு காபி போட்டுத் தரச் சொன்னேன். (எந்தப் படிவத்தையும்விட எனக்குப் பிடித்த பரிசோதனை.) சர்க்கரை டப்பா மேல்தட்டில். எட்டுவதற்காகக் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார், அது வழுக்கி விழுந்தது. யோசிக்காமல் குனிந்தார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். டப்பாவைக் கீழே இறக்கிவைக்க ஒரு நிமிடம். ராத்திரிக்குக் கட்டிலோரம் கமோடு நாற்காலி போடச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாள் ஆனது. "சாமி படம் இருக்கிற ரூம்லயா?"

*

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது. தனியாக வீட்டைச் சமாளிக்க முடியுமா என்று பார்க்கும், 1969-ல் வந்த லாட்டன் அளவுகோலில் போன், கடை, சமையல், வீட்டு வேலை, துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று 8 கேள்விகள். அந்தக் காலத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் விட்டுவிட்டு 5-க்குத்தான் போடுவார்களாம். நான் ஒரு தாத்தாவுக்கு 8-ம் கேட்டு, சமையலுக்கு 0 போட்டேன். "முடியலையா, பழக்கமே இல்லையா?" என்றார் சீனியர். முழித்தேன்.

மருந்துக்கு அந்தத் தாத்தாவே "நானே கரெக்டா போட்டுக்குவேன்" என்றிருந்தார். டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். பாட்டி காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்து வைத்திருந்த பொட்டலங்கள். பாட்டி, மகளின் பிரசவத்துக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. பத்துப் பொட்டலமும் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

*

நான் தெரபிஸ்ட் இல்லை, மகள். எங்கள் வீட்டில் இது தலைகீழ்: அம்மா தன்னைப் பற்றிச் சொல்லவே நான் இடம் விடவில்லை. அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?" என்றார். கொஞ்சம் கோபம்தான். ஆனால் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "எனக்குக் குளிச்சுக்கத் தெரியும்மா. முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு ஆபீஸ் பஸ் போயிடும்னு அவளையே குளிப்பாட்ட விட்டுடறேன்."