சின்னம் தெரிந்துகொண்ட இயந்திரம்

சில்லுக்காரன்:
நேற்று அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைக்கு அருகே தொடங்கிய வாக்குவாதம் மழையால் பாதியில் நின்றது. இங்கே தொடர்கிறேன். பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். வாக்குப்பதிவு இயந்திரத்தின் மூலநிரலை, அதாவது அதை இயக்கும் கட்டளைகளை, ஏன் பொதுவில் வைக்கவில்லை? இணைய இணைப்பு இல்லை, சிப்பில் ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாது என்கிறது தேர்தல் ஆணையம். மாற்ற முடியாது என்பதும் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் ஒன்றா? கல்வெட்டிலும் எழுத்துப்பிழை உண்டு.

ஜாலஹள்ளித் தாத்தா:
தம்பி, இந்த இயந்திரங்களைச் செய்யும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றான பாரத் எலக்ட்ரானிக்ஸ் எனக்குக் கூப்பிடு தூரம். அதற்காக வக்காலத்து வாங்கவில்லை. 1996-இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்திய காலத்தையும் அறிவேன். இன்று எந்த இயந்திரம் எங்கே என்பதை இரண்டு முறை குலுக்கிப் போட்டுத்தான் சாவடிக்கு அனுப்புகிறார்கள். எந்த இயந்திரம் எங்கே போகும், எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்று தெரியாதவன் முன்கூட்டியே என்ன மோசடியை எழுதி வைப்பான்?

சில்லுக்காரன்:
அந்தக் கடைசி வாதம் ஒரு காலத்தில் செல்லுபடியானது, ஐயா. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வாக்களித்த சின்னத்தைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் படிப்படியாக எல்லா இடத்துக்கும் வந்தது. ஏழு விநாடி சின்னத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதற்குச் சின்னம் தெரிந்திருக்க வேண்டுமே! வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகுதான் சின்னங்களை ஏற்றுகிறார்கள். பொத்தான் வரிசை எந்தக் கருவிக்குமே தெரியாது என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

ஜாலஹள்ளித் தாத்தா:
ஏற்றட்டுமே. வாக்கை எண்ணுவது கட்டுப்பாட்டுக் கருவி. அதற்கு இன்றும் பொத்தானின் எண்தான் தெரியும். சீட்டில் சின்னம் மாறினால் வாக்காளரே கண்ணாடி வழியாகப் பார்த்துக் கூச்சலிடுவார். எல்லாச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் சின்னம் ஏற்றும் கருவியை சீல் வைத்து, முடிவு வந்து 45 நாள் பாதுகாக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர் எழுதிக் கேட்டால் சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சிப்பை உற்பத்தி நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது.

சில்லுக்காரன்:
சமைத்தவரே ருசி பார்த்து உப்பு சரி என்பார்! ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் வைத்த அளவுகோல் வேறு: தொழில்நுட்பம் படிக்காத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும். இங்கே சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணுகிறோம். 250 சாவடிகளில் பத்தில் கோளாறு என்று வையுங்கள். அந்த ஐந்தில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்.

ஜாலஹள்ளித் தாத்தா:
கணக்கைப் பாதியில் நிறுத்துகிறாய். மக்களவைத் தொகுதிக்கு நம் கர்நாடகத்தில் எட்டு சட்டமன்றப் பகுதிகள், ஆகவே நாற்பது சாவடிகள். உன் விகிதத்திலேயே 2000-இல் 80 கெட்டுப்போயிருந்தால் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இறங்கிவிடும். நானும் தொழிற்சாலையில் மாதிரி எடுத்துத் தரம் பார்த்தவன்தான்.

தமிழ் டீச்சர்:
இருவரும் சிப்பிலேயே நிற்கிறீர்கள். நான் சாவடித் தலைமை அலுவலராக இருந்தவள். வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்கு போட்டு, எண்ணி, கருவியிலிருந்து அந்த வாக்குகளை அழித்து, அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் சீல் வைக்க வேண்டும். பக்கத்துச் சாவடியில் ஒருமுறை அழிக்க மறந்துவிட்டார்கள். கணக்கு இடித்தது, 'மோசடி' என்று தெருவே நின்றது. அந்த அலுவலர் தூக்கமில்லாத ஒரு பாவம், அவ்வளவுதான். மாலையில் சாவடியின் வாக்குக் கணக்கான 17சி படிவ நகலைக் கொடுக்கத் திரும்பினால், காலையில் இருந்த ஐந்து முகவர்களில் ஒருவர்தான் மிச்சம். அவரும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் படிக்காமலே பையில் திணித்துக்கொண்டார்.

சில்லுக்காரன்:
வாங்கிப் படித்தாலும் அதில் பதிவான மொத்தம்தான் இருக்கும், அக்கா. யாருக்கு எத்தனை என்று இயந்திரம் சொல்வதைச் சரிபார்க்கச் சீட்டைத்தான் எண்ண வேண்டும். ஐயா மக்களவைக்குத் தாவிவிட்டார். சட்டமன்றத் தேர்தலில் ஐந்து போதுமா என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜாலஹள்ளித் தாத்தா:
போதாது. அதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை ஏரிக்கரைக்கு வா. குடையும் கொண்டு வா.