மறு: டயர் ஒரு பக்கமாகத் தேய்வதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். கார் டயர் ஒழுங்கில்லாமல் தேய்கிற வகைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில், மற்றவர்கள் எழுதிய வரிகளை எடுத்துப்போட்டு அவற்றுக்குக் கீழே என் பதிலை எழுதுகிறேன்.

> 'சீரற்ற தேய்மானம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தச் சொல்லில் ஒரு துப்பும் இல்லை. டயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஏன் தேய்ந்தது என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும், அந்த 'எங்கே'யை விழுங்கிவிடுகிற சொல் நமக்கு எதற்கு? அதுவும் போக, தேய்மானம் என்றால் வணிகவியல் படித்தவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் கழிக்கிற தொகைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். (நேற்று ஒருவர் 'சேதாரம்' என்று எழுதியிருந்தார், சிரித்தேன், அது நகைக்கடையிலேயே இருக்கட்டும்.) 'தேய்வு' என்பதை அடிச்சொல்லாக வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இடத்தையோ வடிவத்தையோ ஒட்டுவோம் என்கிறேன்.

இவ்வளவு அடம் பிடிக்கக் காரணம், சென்ற வருடம் நான் பட்ட பாடு. திருச்சியிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்னால் காற்றடிக்க நிறுத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் முன் டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருந்தது. கடைப் பையன் ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தவன், "சார், கொஞ்சம் இறங்கி வாங்க" என்றான். உட்புற ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை, ஓரிடத்தில் டயருக்குள் இருக்கும் கம்பி மினுங்கியது. அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் வேறொரு கடையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) பார்த்துப் பணமும் கட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கடையில் கொடுத்த அளவுத் தாளைத் தேடி எடுத்தால், சரிசெய்வதற்கு முந்தைய எண், பிந்தைய எண் என்று இரண்டு வரிசை, இரண்டிலும் அச்சு அசலாக ஒரே எண்கள். அளந்ததோடு சரி, யாரும் ஸ்பானரைத் தொடவே இல்லை. எனக்கும் அந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை, ஏனென்றால் அதில் இருந்த எதற்கும் என்னிடம் பெயர் இல்லை.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் உப்பிச் சாலையில் உரசும், அது நடுத்தேய்வு. காற்று குறைந்தால் நடு உள்வாங்கி இரண்டு ஓரமும் சுமையைத் தாங்கும், அது ஈரோரத் தேய்வு. உயிரெழுத்துக்கு முன்னால் 'இரு' என்பது 'ஈர்' ஆவதால் ஈரோரம், ஈருருளி மாதிரி. 'இரண்டு ஓரத் தேய்வு' என்று எழுதினாலும் குடி முழுகிவிடாது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காற்றை அளப்பது. ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் பின் டயருக்கு வேறு அளவு அதே அட்டையில் இருக்கும். எந்தக் கார் வந்தாலும் நாலு டயருக்கும் 35 அடித்து அனுப்புகிற பங்க்குகளிடம் அட்டையின் எண்ணை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அடுத்தது என்னைப் போட்டுப் பார்த்தது: உள்ளோரத் தேய்வு. அதன் ஜோடி வெளியோரத் தேய்வு. இங்கேதான் அலைன்மென்ட் வருகிறது.

> 'டோ' என்பதற்கு 'விரல்கோணம்' என்று முன்மொழிகிறேன்.

வேண்டாமே. டோ என்றால் கால்விரல், ஆங்கிலக்காரர் காலை உள்ளே திருப்பி நிற்பவரை நினைத்து வைத்த பெயர் அது. நம் மெக்கானிக்கிடம் போய் விரல் என்றால் எந்த விரல் என்று கையைத்தான் நீட்டுவார். மேலே இருந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் முன்பக்கம் நெருங்கியும் பின்பக்கம் விலகியும் இருக்கின்றன, அவ்வளவுதான் விஷயம், ஆகவே முன்குவிவு. எதிர்ப்பக்கம் முன்விரிவு. பொதுப் பெயர் வேண்டுமானால் குவிவளவு. இயற்பியலில் குவிவு ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்பார், தெரியும். 'முன்' சேர்ந்தால் குழப்பம் வராது.

இந்தக் குவிவளவு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு கணக்கு. முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் நடுவே இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 3 மில்லிமீட்டர் பிசகு என்றால் ஒன்றுக்கு ஒன்றரை. டயரின் விட்டம் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 400க்கு 1 என்ற சரிவு வருகிறது. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்தச் சக்கரம் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது, போக முடியாமல் தரையில் தேய்க்கப்படுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர். ஒரு சக்கரத்தைத் திருச்சியிலிருந்து கிட்டத்தட்டப் பக்கத்து ஊர் வரை குறுக்காக இழுத்துப் போனதற்குச் சமம், அப்புறம் ரப்பர் எங்கே மிஞ்சும்?

கேம்பருக்குச் சாய்வு போதும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தால் உள்சாய்வு, வெளியே சாய்ந்தால் வெளிச்சாய்வு. பல குடும்பக் கார்களில் முன் சக்கரத்தில் குவிவளவைத்தான் திருகிச் சரிசெய்ய முடியும், சாய்வைத் திருப்ப வழியே இருக்காது. சாய்வு பிசகியிருந்தால் பள்ளத்தில் விட்டதில் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் மூட்டு ரப்பர்) போய்விட்டது என்று பொருள். புஷ்ஷையும் டை ராட் எண்டையும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைவது மாதிரி.

குவிவளவு, சாய்வு இரண்டுமே ஓரத்தைத்தான் தின்கின்றன என்றால் எப்படிப் பிரித்துச் சொல்வது? கையால்தான். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தடவிப் பாருங்கள் (கம்பி தெரிகிற டயரில் வேண்டாம், கிழித்துவிடும்). சாய்வினால் தேய்ந்தது வழவழவென்று இருக்கும். குவிவளவினால் தேய்ந்தது ஒரு திசையில் வழுக்கும், திருப்பித் தடவினால் கையில் பல் பல்லாக மாட்டும். இதற்கு 'இறகுத் தேய்வு' என்று முன்பு ஒருவர் எழுதியதை நான் ஒப்பவில்லை, இறகைத் தடவினால் நம் ஊரில் யாருக்கும் பல் ஞாபகம் வராது. பனைமட்டையின் பல் பல்லான ஓரம், அதாவது கருக்கு, வரும். கருக்கரிவாள் வரும். ஆகவே கருக்குத் தேய்வு. இந்த ஒரு சொல்லுக்காக நான் சண்டை போடவும் தயார்.

குழி குழியாகத் தேய்வதற்கு 'கிண்ணத் தேய்வு' என்று வந்திருக்கிறது. அதுவும் மொழிபெயர்ப்பு வாடைதான், ஆனால் மோசமில்லை. எனக்குத் திட்டுத்தேய்வு பிடித்திருக்கிறது, ஏனென்றால் டயரைச் சுற்றி இங்கொரு திட்டு அங்கொரு திட்டாக வரும். ஷாக் அப்சார்பர் செத்துச் சக்கரம் குதித்துக் குதித்து ஓடினால் இப்படி ஆகும், சில வேளை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) இல்லாததாலும். காதில் உறுமல் கேட்ட பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

> டயர் சுழற்சி

முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடுவதற்கு வைத்த இந்தப் பெயர் கட்டாயம் மாற வேண்டும். டயர் சுழலாமல் வேறென்ன செய்யும்? பட்டறையில் "மாத்திப் போடுறது" என்கிறார்கள், எழுத்தில் டயர் இடமாற்று என்று வைக்கலாம். முன்சக்கர இழுவைக் கார்களில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன் டயரின் தலையில் விழுவதால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதை அதே பக்கம் பின்னாலும், பின்னதைப் பக்கம் மாற்றி முன்னாலும் போடுவது வழக்கம். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரைப் பக்கம் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், காரணத்தைச் சரிசெய்யாமல் இடமாற்று மட்டும் செய்தால் ஒரு டயர் போவதற்குப் பதில் நாலும் போகும்.

டயரின் ரப்பர் மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் சிறு மேடுகளுக்குத் தேய்வுக்குறி. ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது.

டயருக்கே தமிழில் பெயர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா என்றும் ஆரக்கால் என்றும் குடம் என்றும் நம்மிடம் இருந்தது உண்மை, ஆனாலும் டயர் டயராகவே இருக்கட்டும். ஸ்டெப்னியைப் பாருங்கள். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய உபரிச் சக்கரத்தின் பெயர், நம் ஊர்க் கடைசி டிரைவர் வரை வந்து சேர்ந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பிடுங்கி 'மாற்றுச்சக்கரம்' நட யாராலும் முடியவில்லை.

லாரிப் பட்டறைப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பல் பல்லான தேய்வுக்கு அங்கே ஏற்கெனவே ஏதாவது பெயர் புழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் கருக்கை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.