காகிதத்தில் வந்தது மாறவே மாறாதாமே?

மெய்ப்புக்காரன்:
பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "மின்பதிப்பும் அதே பத்திரிகைதான், காகிதம் மட்டும்தான் இல்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபத்தாறு வருடம் நாளிதழில் மெய்ப்பு பார்த்தவன் நான். காகிதத்தில் ஒரு தலைப்பு வந்துவிட்டால் வந்ததுதான். தப்பாக இருந்தால் மறுநாள் உள்பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்று பெட்டி கட்டியாக வேண்டும். போன மாதம் ஒரு நாளிதழின் தளத்தில் காலை எட்டு மணிக்கு 'ஓட்டுநரின் அலட்சியமே விபத்துக்குக் காரணம்' என்று இருந்தது. பதினொரு மணிக்குப் பார்த்தால் அதே இடத்தில், அதே படத்துக்கு மேல், 'விபத்து குறித்து விசாரணை'. மாற்றினோம் என்று ஒரு வரி? கிடையாது. காலையில் படித்தவன் எல்லாம் கனவு கண்டானா? அது செய்தி அன்று, கரும்பலகை.

கைபேசிவாசி:
"அது செய்தி அல்ல, கரும்பலகை." ஆகா, வசனம் பிரமாதம். காகிதம் மாறாது என்று உங்களுக்கு யார் சொன்னது? 1948 நவம்பர் 3, சிகாகோ டிரிபியூன். அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஜெயித்தது ட்ரூமன். அது முதல் பதிப்பில் மட்டும்தான். முடிவுகள் வரவர அடுத்த பதிப்பில் தலைப்பையே தூக்கிவிட்டார்கள். மறுநாள் பெட்டி கட்டலாம் என்று காத்திருந்தார்களா?

மெய்ப்புக்காரன்:
நல்ல உதாரணம், எனக்கு. தலைப்பை மாற்றுவதற்குள் சுமார் 1,50,000 பிரதிகள் வெளியே போய்விட்டன. ஒன்றைக்கூட அழிக்க முடியாது. அதனால்தான் ட்ரூமன் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி படத்துக்கு நின்றார். உங்கள் மின்பதிப்பாக இருந்தால் எதைத் தூக்கிப் பிடித்திருப்பார்?

கைபேசிவாசி:
ஸ்கிரீன்ஷாட்டை.

மெய்ப்புக்காரன்:
ஸ்கிரீன்ஷாட்டைப் பத்து நிமிடத்தில் எவன் வேண்டுமானாலும் தயாரிப்பான். 1,50,000 பிரதிகளைத் தயாரிப்பானா?

நூலகப்பூனை:
ஒரு நிமிடம். மின்பதிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? அச்சான பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆகப் போடுவதையா, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தளத்தையா? பிடிஎஃப் என்றால் தலைப்பு பெரும்பாலும் காகிதத்தில் உள்ளதேதான். இதைத் தீர்த்துக்கொண்டு சண்டை போடலாமே.

கைபேசிவாசி:
1,50,000 என்று பெரிதாகச் சொல்கிறீர்களே, அதில் எத்தனை இன்று மிச்சம்? செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், அப்புறம் தொட்டால் உதிரும். பல நூலகங்கள் மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போட்டன. மைக்ரோஃபிலிமிலும் ஒரு நாளுக்கு வந்த பல பதிப்புகளில் பெரும்பாலும் ஒன்றைத்தான் எடுத்தார்கள். மற்றதெல்லாம் எங்கே? சத்தமில்லாமல் போயிற்று, உங்கள் பதினொரு மணித் தலைப்பு மாதிரி. ஆனால் இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் தளங்களைப் படி எடுத்து வைக்கிறது. போய்த் தேடுங்கள், எட்டு மணித் தலைப்பு கிடைத்தாலும் கிடைக்கும்.

மெய்ப்புக்காரன்:
"கிடைத்தாலும் கிடைக்கும்"! இதுதான் உங்கள் ஆதாரம். வேறு யாரோ புண்ணியத்துக்குப் படி எடுத்தால் உண்டு. பத்திரிகைக்காரன் எடுத்து வைத்தானா? ட்ரூமன் கையில் இருந்தது பத்திரிகையே அடித்த பிரதி. 1,50,000. அதைத் தாண்டி வாருங்கள்.

திரைச்சீலை:
என் அம்மாவுக்குப் பார்வை குறைவு. காகிதத்தில் தலைப்பைத் தவிர எதுவும் தெரியாது. இப்போது எழுத்தைப் பெரிதாக்கி முழுச் செய்தியும் படிக்கிறார், முடியாத நாளில் கைபேசியே வாசித்துக் காட்டுகிறது. இதையும் கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கைபேசிவாசி:
ஐயா, உலகம் எங்கேயோ போய்விட்டது. வியன்னாவில் 1703 முதல் வந்த வீனர் சைட்டுங் 2023 ஜூன் 30 உடன் தினசரி அச்சுபதிப்பை நிறுத்திவிட்டது. லண்டனின் இன்டிபென்டன்ட் 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. நீங்கள் இன்னும் 1948லேயே நிற்கிறீர்கள்.

மெய்ப்புக்காரன்:
1948ஐக் கொண்டுவந்ததே நீங்கள்தான். முதலில் அது "அச்சுபதிப்பு" இல்லை, அச்சுப்பதிப்பு. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும். திரையில் படிக்கிறவர்களுக்கு ஒற்று என்றால் தூசி என்று நினைப்பு. அடுத்து, வீனர் சைட்டுங் அச்சை நிறுத்தியது வாசகன் ஓடிப்போனதாலா? நிறுவனங்கள் காசு கொடுத்து அதன் அச்சுப்பதிப்பில் அறிவிப்பு போட வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டம் எடுத்துவிட்டது. வருமானம் போயிற்று. இதையும் எட்டு மணித் தலைப்பு மாதிரி மறைத்துவிட்டீர்கள்.

கைபேசிவாசி:
அறிவிப்பையே காகிதத்தில் போடத் தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது என்றால், அது என் கட்சிதானே? அது போகட்டும். ஒற்று பற்றிப் பாடம் எடுத்தீர்களே, ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல' என்று போன மாதம் வேறொரு இழையில் என் காதைத் திருகியதும் நீங்கள்தான். உங்கள் முதல் பதிவில் "அது செய்தி அல்ல" என்று எழுதியிருந்தீர்கள். மேலே என் மேற்கோளைப் பாருங்கள், அப்படியே இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் உங்கள் பதிவில் "அது செய்தி அன்று"! மாற்றினோம் என்று ஒரு வரி? கிடையாது.

சும்மாவந்தேன்:
😂😂 கரும்பலகை!

மெய்ப்புக்காரன்:
எழுத்துப்பிழை வேறு, தகவல் பிழை வேறு. மெய்ப்பு பார்த்தவன் கை சும்மா இருக்காது. அச்சுக்குப் போகும் முன் திருத்துவதுதான் எங்கள் வேலையே.

கைபேசிவாசி:
அச்சுக்குப் போகும் முன்னா? நான் படித்து, மேற்கோள் காட்டி, பதிலும் போட்ட பிறகு ஐயா. காலையில் படித்தவன் எல்லாம் கனவு கண்டானா?

மெய்ப்புக்காரன்:
ஒரு 'அல்ல'வைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஓட்டுநரின் தலையில் பழியைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து நழுவியதும் இதுவும் ஒன்றா? போன மாத இழையிலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது என் இலக்கணத்துக்கு வந்தீர்கள்.

கைபேசிவாசி:
இலக்கணத்துக்கு முதலில் வந்தது யார்? மேலே போய்ப் படியுங்கள். அதற்குள் திருத்தாமல் இருந்தால்.

நூலகப்பூனை:
பிடிஎஃப்பா, தளமா என்று கேட்டேன்.

மெய்ப்புக்காரன்:
நூலகத்தில் இருப்பவர்களாவது காகிதத்துக்காகப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். சரி. 1,50,000 பிரதிகள். இன்னும் பதில் வரவில்லை.

கைபேசிவாசி:
முதலில் 'அல்ல'வுக்கு 'வருந்துகிறோம்' பெட்டி வரட்டும்.