உடற்கல்வி பீரியடில் மாற்றுத்திறன் மாணவர்கள்: ஒரே மைதானமா, தனி வகுப்பா?

கோட்டோரம்:
எல்லோரையும் ஒரே வகுப்பில் சேர்த்து உடற்கல்வி நடத்துவதைவிட, மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தனி வகுப்பு வைப்பதே நல்லது என்பது என் கட்சி. 40 பேர், ஒரு ஆசிரியர், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு, வார்ம்-அப், அணி பிரிப்பது எல்லாம் போக ஆட்டத்துக்கு மிஞ்சுவது 25 நிமிடம். அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவி கைக்குப் பந்து எத்தனை தடவை வருகிறது என்று யாராவது ஓரமாக நின்று எண்ணுங்கள். பெரும்பாலும் அவள் மடியில் ஸ்கோர் நோட்டுதான் இருக்கும். பதிவேட்டில் "பங்கேற்றார்" என்று எழுதிவிடுவார்கள். 6 பேர் உள்ள தனி வகுப்பில் அதே 25 நிமிடத்தில் அவள் நூறு தடவை எறியலாம். திரும்பத் திரும்பச் செய்யாமல் எந்தத் திறனும் கைகூடாது. மறுப்பவர்கள் கருணை பேச வேண்டாம், முறையைப் பேசுங்கள்.

சுண்ணாம்புக்கோடு:
எண்ணச் சொன்னது சரி. காரணம் சொன்னதுதான் தவறு. ஒரே பந்தை வைத்துக்கொண்டு 20 பேருக்கு 20 பேர் ஆடினால் கால் ஓடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரும் பந்தைத் தொட மாட்டார்கள். ஆட்டத்தை அமைத்த விதத்தில்தான் கோளாறு. மைதானத்தை நாலாகப் பிரித்து, 5 பேருக்கு 5 பேர், நாலு பந்து என்று ஆக்குங்கள்; எல்லோர் கணக்கும் ஏறும்.

அதற்கப்புறம் அந்த மாணவிக்கு மாற்ற வேண்டியதை மாற்றலாம். இடம், செய்ய வேண்டிய வேலை, கருவி, கூட ஆடும் ஆட்கள் என்று மாற்றக்கூடியவை நாலு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும். முதலில் கருவியைத் தொடுங்கள், செலவில்லாத வேலை அது. பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிக்கும்போது கையை விட்டுத் துள்ளாது, தவறினாலும் தூரம் உருளாது. அடுத்தது இடம். கூம்புகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. விடுங்கள், நாற்காலி திரும்ப வேண்டிய இடத்தில் ஒன்றரை மீட்டராவது வேண்டும். மணலிலும் ஈரப் புல்லிலும் முன்சக்கரம் புதையும். அங்கே ஆட்டம் வைத்துவிட்டு "அவளால் வேகமாக வர முடியவில்லை" என்று எழுதக் கூடாது.

கோட்டோரம்:
காற்றை இறக்குவது நல்ல யோசனை, ஏற்கிறேன். ஆனால் இதே வழியில் போகிறவர்கள் அடுத்து வைக்கும் இரண்டு விதிகளைப் பாருங்கள். ஒன்று, "அவளைச் சுற்றி 2 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது". மற்றது, "அணியில் எல்லோரும் தொட்ட பிறகுதான் கோல் போடலாம்". முதல் விதி அவளைத் தீவாக்கிவிடும். பக்கத்தில் எதிரணி ஆளே வராத இடத்தில் பந்தைப் பிடித்து அவள் என்ன கற்பாள்? இரண்டாவது அதைவிட மோசம். மற்ற நாலு பேரும் தொட்டு முடித்ததும் எதிரணி மொத்தமும் அவள் முன்னால் வந்து நின்றுவிடும், பந்து எங்கே போகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியுமே. பந்து தவறியதும் சொந்த அணிப் பிள்ளைகளின் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பந்து கைக்கு வந்தது என்று கணக்கில் சேரும், ஆனால் அவள் மனசுக்குள் விழுவது வேறு.

சுண்ணாம்புக்கோடு:
அந்த "எல்லோரும் தொட வேண்டும்" விதியை நானும் ஒழித்துக்கட்டச் சொல்வேன். ஒருத்திக்காக விதியை வளைத்தால் எல்லோர் கண்ணும் அவள் மேல்தான். மொத்த வகுப்பும் வேறு விதிக்கு மாறினால் அந்தப் பார்வை விழாது.

அமர்ந்து ஆடும் வாலிபாலை எடுங்கள். அதன் களம் 10 மீட்டருக்கு 6 மீட்டர், வலை உயரம் ஆண்களுக்கு 1.15 மீ., பெண்களுக்கு 1.05 மீ. வகுப்புக்கு ஒரு கயிறும் பீச் பந்தும் போதும். பந்தை அடிக்கும் கணத்தில் இடுப்பு தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாணவிக்கு நாற்காலியை விட்டு இறங்கத் தோதுப்பட்டால், வகுப்பில் தரையில் உட்கார்ந்து நகரத் தெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பார்வை மங்கலானவனுக்குக் கோல்பால், அதாவது உள்ளே மணி வைத்த பந்தை உருட்டி, சத்தத்தை வைத்தே தடுத்து ஆடுவது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான ஆட்டம் அது. அணிக்கு 3 பேர், 18 மீட்டருக்கு 9 மீட்டர் களம், எல்லோர் கண்ணும் கட்டப்பட்டிருக்கும். கோட்டுக்கு அடியில் 3 மி.மீ. கயிறு வைத்து மேலே டேப் ஒட்டினால் கையாலும் காலாலும் தடவியே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். அசல் பந்து 1.25 கிலோ, சிறு பிள்ளைகளுக்குக் கனம். சாதாரணக் கூடைப்பந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுங்கள், உருளும்போது சரசரக்கும். சிமென்ட் தரையில் இது நன்றாகக் கேட்கும், புல்லில் கேட்காது. மணிப் பந்திலும் ஒரு குறை உண்டு: சுழலாமல் காற்றில் பறந்தாலும், அப்படியே நின்றாலும் சத்தம் நின்றுவிடும். அதனால் உருட்ட மட்டும் அனுமதியுங்கள். மைதானத்தில் பக்கத்து வகுப்பு கத்திக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கோல்பாலே வேண்டாம்.

தண்ணீர்பாட்டில்:
இருவரும் பிள்ளையை எந்த வகுப்பில் வைப்பது என்றே பேசுகிறீர்கள். பிள்ளையின் மருத்துவக் குறிப்பைப் படிப்பது அதற்கும் முந்தைய வேலை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவர் சரி சொல்லும்வரை குட்டிக்கரணம், தலைகீழ் நிற்றல், டிராம்போலின், நீச்சல் குளத்தில் தலை முன்னே போகப் பாய்வது எதுவும் கூடாது. எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கண் வைத்திருங்கள். கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், நடை மாறுதல், புதிதாகச் சிறுநீர் அடக்க முடியாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

முதுகுத்தண்டுக் காயம் மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டு விஷயம். காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, அதனால் உடம்பு சீக்கிரம் சூடேறும். நிழல், ஈரத்துணி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். இன்னொன்று திடீரென்று ஏறும் ரத்த அழுத்தம்: மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை. மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள், ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டையும் ஷூவையும் தளர்த்தி, சிறுநீர் வெளியேற மாட்டியிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே தணியாவிட்டால் ஆம்புலன்ஸ். இவர்களுக்கு நாடித்துடிப்பு மற்றவர்களைப் போல ஏறாது. நாடியைப் பிடித்து "போதுமான உழைப்பு இல்லை" என்று முடிவு கட்டாமல், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, 10க்கு எத்தனை என்று அவர்களிடமே கேளுங்கள்.

விசில்:
ஆட்டிசம் உள்ள மாணவனைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அவன்தான் பெரிய கேள்வி. விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளையை 40 பேர் சத்தத்தில் எப்படி நிறுத்துவது?

சுண்ணாம்புக்கோடு:
முதலில் விசிலை விடுங்கள். கொடியைத் தூக்கினால் நிற்க வேண்டும் என்று மொத்த வகுப்புக்கும் பழக்குங்கள். காது கேளாத மாணவருக்கும் அதுவே உதவும். (அவர் வகுப்பில் இருந்தால் ஆசிரியர் சூரியனை முதுகில் வைத்து நிற்கக் கூடாது. முகம் இருட்டிவிடும், உதடு தெரியாது.) ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஓர் அட்டையில் நாலு படம்: ஓட்டம், எறிதல், தண்ணீர், முடிந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே படத்தைக் கழற்றிப் பையில் போடட்டும். "கொஞ்ச நேரம் எறி" என்றால் அவனுக்குப் பிடிபடாது. கூடையில் 10 பந்து வையுங்கள், கூடை காலியானால் முடிந்தது. சத்தம் தாங்காதபோது போய் நிற்க, கண்ணுக்குத் தெரியும்படி ஓர் இடம் குறித்து வையுங்கள். அங்கே போவது தண்டனை என்று அவனுக்குப் படக் கூடாது.

கோட்டோரம்:
எல்லாம் சரி. நாற்காலியை ஓட்டும் திறன் எங்கே கற்றுத் தருவீர்கள்? சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்தால் 11இல் பிடித்து 2இல் விட வேண்டும். தொடக்கக்காரர்கள் 12இல் பிடித்துக் குட்டிக் குட்டியாகத் தள்ளுவார்கள், தோள் நோகும். நிறுத்தப் பழக வேண்டும், பின்னால் உருளப் பழக வேண்டும், ஒரு கையால் திருப்பப் பழக வேண்டும். வேகமாக எறிந்தால் நாற்காலி பின்னுக்கு நகரும். பிரேக் போட்டு எறிவது எப்படி, போடாமல் எறிவது எப்படி என்று தனித்தனியே சொல்லித்தர வேண்டும். பின்பக்கம் சாயாமல் தடுக்கும் சிறு சக்கரம் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 5 பேர் ஆட்டத்தின் நடுவே இது நடக்காது.

சுண்ணாம்புக்கோடு:
நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு 2 வாரம் முன்பு, தினம் 15 நிமிடம் தனியாகக் கற்றுக்கொடுங்கள். கூடவே வகுப்புத் தோழிகள் இரண்டு பேரை அழைத்து, வேறு நாற்காலி கிடைத்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். ஆனால் அந்த 15 நிமிடத்தை அவளுடைய உடற்கல்வி பீரியடிலிருந்து வெட்டக் கூடாது. ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) 30ஆவது பிரிவில், பள்ளி உட்பட எல்லா இடத்திலும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட வாய்ப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊனமுள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தனி வகுப்பு அதில் கூடுதலாகச் சேரட்டும், பீரியடுக்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது.

கோட்டோரம்:
கூடுதல் என்பதை ஏற்கிறேன். ஆனால் "சேர்த்தாகிவிட்டது" என்று கை கழுவுவதற்கு ஒரு தடை வேண்டும். அதனால் ஒரு தாள் வைக்கச் சொல்கிறேன். 10 நிமிடத்துக்கு மூன்று எண்: பந்தைத் தொட்டது எத்தனை, தானே முடிவெடுத்துப் பந்தைக் கொடுத்தது எத்தனை, உதவி எந்த அளவில். கையைப் பிடித்துச் செய்ய வைத்தால் 3, செய்து காட்டினால் 2, வாயால் சொன்னால் 1, தானே செய்தால் 0. மூன்று வகுப்பு தொடர்ந்து தொட்ட எண்ணிக்கை மற்றவர்களில் பாதிக்கும் கீழே இருந்தால் தனி வகுப்பு.

சுண்ணாம்புக்கோடு:
தாள் பிரமாதம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். முதல் வகுப்பிலேயே எண் குறைந்தால் பந்து, களம், அணி அளவு என்று ஒவ்வொன்றாக மாற்றி அடுத்த வகுப்பில் மறுபடி எண்ணுங்கள். உதவி எண் 3இலிருந்து 1க்கு இறங்கிக்கொண்டிருந்தால், தொட்டது குறைவாக இருந்தாலும் அவளைப் பொது வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

விசில்:
எண்ணுவது யார்? ஆசிரியர் ஆட்டத்தைக் கவனிப்பாரா, கோடு போட்டுக்கொண்டிருப்பாரா?

கோட்டோரம்:
அன்றைக்குக் காலில் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர் எண்ணலாம். யாருமே இல்லையென்றால் ஆசிரியர் வலது பாக்கெட்டில் 20 கூழாங்கல் போட்டுக்கொள்ளட்டும். அவள் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒன்றை இடது பாக்கெட்டுக்கு மாற்றினால் போதும். கண் ஆட்டத்தைவிட்டு விலகாது.