ஹோங் லிம் பூங்காவில் பேச விட்டதால் யாருக்கு லாபம்?

தேக்காவாசி:
கோப்பிக் கடையில் நேற்று ஒருவர், "மக்களைப் பேச விட்டால் ஆட்சி ஆட்டம் கண்டுவிடும்" என்றார். பதில் நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 2000 செப்டம்பர் 1 அன்று ஹோங் லிம் பூங்காவில் ஸ்பீக்கர்ஸ் கார்னர் (பொதுமக்கள் பேசுவதற்கென ஒதுக்கிய இடம்) திறந்தார்கள். அப்போது போலீசில் பெயர் பதிந்துவிட்டுத்தான் பேச வேண்டும். 2008-இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இன்னும் தளர்த்தி ஆர்ப்பாட்டத்துக்கும் வழிவிட்டார். ஆட்சி கவிழ்ந்ததா? 2011-இல் 60.1 விழுக்காடு வாக்கு வாங்கிய ஆளும் மக்கள் செயல் கட்சி, 2015-இல் 69.9 வாங்கியது. பயந்து வாயைப் பொத்தும் தலைவர்கள் இதைப் பார்க்கட்டும்.

ஜூரோங்காரன்:
அண்ணே, 2015-ஐ இதில் சேர்க்காதீர்கள். அந்த மார்ச்சில்தான் முதல் பிரதமர் லீ குவான் இயூ காலமானார், நாட்டுக்குப் பொன்விழா வேறு. அந்த வாக்குக்கும் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், சுதந்திரம் என்கிறீர்கள். மதம் பற்றி அங்கே வாய் திறக்க முடியாது, இனங்களுக்குள் பகை மூட்டும்படியும் பேச முடியாது. பூங்காவுக்கு வெளியே அனுமதி இல்லாமல் ஒரே ஆள் அட்டை பிடித்து நின்றாலும், 2009 பொது ஒழுங்குச் சட்டப்படி அது கூட்டம். (ஓர் ஆள் எப்படிக் கூட்டமாவார் என்று என் பழைய தமிழாசிரியரிடம் கேட்க வேண்டும்.)

தேக்காவாசி:
சரி தம்பி, 2015-ஐ விட்டுவிடுகிறேன். 2013-ஐ விட மாட்டேன். 2030-க்குள் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்றது அரசின் வெள்ளை அறிக்கை. அதை எதிர்த்து பிப்ரவரி 16 அன்று சில ஆயிரம் பேர் பூங்காவில் திரண்டார்கள். நானும் போனேன். பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி. மார்க்கெட் பையில் கங்கோங் கீரை எட்டிப் பார்த்தது. கட்சி, கொள்கை எதுவும் பேசவில்லை. "எம்ஆர்டி ரயிலில் நிற்கக்கூட இடமில்லை, இன்னும் ஆள் வந்தால் எங்கே நிற்பது?" என்றார். எந்த அதிகாரி இதை இப்படி எழுதி மேசையில் வைப்பார்? 2014-இல் சிபிஎஃப் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) பற்றி அங்கே எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில், ஓய்வுக்காலத்தில் அந்தச் சேமிப்பில் 20 விழுக்காடு வரை மொத்தமாக எடுக்க வழி செய்யலாம் என்று தேசிய தினப் பேரணி உரையில் பிரதமரே சொன்னார்.

ஜூரோங்காரன்:
அந்த சிபிஎஃப் கூட்டத்தின் முன்னணிப் பதிவர்மீது பிரதமர் அவதூறு வழக்குப் போட்டதையும் சொல்லுங்கள். 1,50,000 வெள்ளி இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பானது. பேசச் சொல்லிவிட்டு பில் நீட்டுவதா?

செங்காங் அக்கா:
வழக்கு அவர் வலைப்பதிவில் எழுதியதற்கு, பூங்காப் பேச்சுக்கு இல்லை. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் ஜூரோங் தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. 2017-இல் அதே பூங்காவில் நடந்த பிங்க் டாட் (பாலினச் சிறுபான்மையினர் ஆதரவு) நிகழ்ச்சிக்கு, ஒர்க் பாஸில் இங்கே வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழியோடு போனேன். அந்த வருஷம் குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டும்தான் அனுமதி. சுற்றிலும் தடுப்பு, வாசலில் அடையாள அட்டைச் சோதனை. அவள் வெளியே நின்று எனக்குக் கை காட்டினாள். திறந்த கதவை ஒவ்வொரு அங்குலமாகச் சாத்துவதும் அதே தலைவர்கள்தானே?

தேக்காவாசி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, அக்கா. ஆனாலும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பேசப் பதிந்துவிட்டேன். தமிழில்தான். விதியிலேயே இடம் இருக்கிறது.

ஜூரோங்காரன்:
வருகிறேன் அண்ணே. எதிர்க்கேள்வி கேட்கத்தான்.