மியூவான் படம்: ‘ஊடுவரைவு’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான நுண்துகள். அதைக் கொண்டு பிரமிடு போன்ற பெரிய பொருள்களின் உள்ளே இருப்பதைப் படமாக்கும் முறைக்கு (muon radiography) தமிழ்ப்பெயராக வந்த ‘மியூவான் ஊடுகதிர்ப்படம்’ என்ற பரிந்துரையை இரண்டு நாளாக அசைபோட்டேன், மனம் ஒப்பவில்லை. ஊடுகதிர் என்றதும் எக்ஸ் கதிர்தான் நினைவுக்கு வருகிறது. கருவி வைத்துக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள் என்றும் தோன்றிவிடும். இங்கே யாரும் எதையும் பாய்ச்சுவதில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதுவதால் பிறக்கும் மியூவான்கள் தாமாகவே பொழிகின்றன. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அதைக் கடந்து போகும். ஆராய வேண்டிய பொருளுக்கு இந்தப் பக்கம் காத்திருந்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை வந்தன என்று எண்ணுவதுதான் நம் வேலை.

இதே முறைக்குச் சொல்லப்பட்ட இன்னொரு பெயரான ‘நிழற்பதிவு’ காதுக்கு இனிது. ஆனால் எகிப்தின் கூஃபு பிரமிடில் நடந்ததைப் பாருங்கள். அரசியின் அறை எனப்படும் இடத்தில் மியூவான்களின் தடத்தைப் பதியும் தகடுகளை மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஒரு திசையிலிருந்து மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மியூவான்கள் வந்து பதிந்திருந்தன. அந்த வழியில் கல் குறைவு; அதனால் வழியிலேயே நின்றுபோனவையும் குறைவு. குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதாக 2017-இல் அறிவித்தது அதைக் கொண்டுதான். நிழலுக்கு நேர்மாறான ஒன்றை நிழல் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு முறையில் பொருளுக்கு இருபுறமும் உணரிகளை வைத்து, மியூவான் எவ்வளவு கோணம் விலகியது என்று அளக்கிறார்கள். யுரேனியம் போன்ற கனத்த தனிமங்கள் அதிகம் விலக்கும். அங்கே நிழலுக்கு இடமே இல்லை.

என் பரிந்துரை ‘ஊடுவரைவு’. ‘ஊடும் பாவும்’ என்கிறோமே, அந்த ஊடு. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளுக்கு நடுவே குறுக்காகப் புகுந்து மறுபுறம் வரும் நூல். மியூவானும் கல்லுக்குள் புகுந்து மறுபுறம் வருகிறது; அப்படி வந்தவற்றைக் கொண்டே உள்ளே இருப்பதை வரைகிறோம். ஊடல் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கலாம். ‘ஊடுருவு’ என்று படிக்கும்போது யாருக்கும் ஊடல் தோன்றுவதில்லையே. ‘வரைவு’ இன்று வரைவுச் சட்டம், வரைவு அறிக்கை என்று புழங்குவது உண்மையான இடர்தான். இருந்தாலும் ‘ஊடு’ முன்னால் நிற்கையில் குழப்பம் வராது என்றே நம்புகிறேன்.

இந்தச் சொல் கிளைக்கவும் செய்கிறது. முறை ஊடுவரைவு, கருவி ஊடுவரைவி, கிடைப்பது ஊடுபடம். விலகல் கோணத்தை அளப்பது ‘சிதறல் ஊடுவரைவு’. சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டத்தைக் காட்டும் ரேடாரை ‘ரேடார் ஊடுவரைவி’ எனலாம். ஊடுகதிர்ப்படம் என்று வைத்தால் இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல் தேட வேண்டும்.

டோமோகிராபியை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பல திசைகளிலிருந்து எடுத்தவற்றை இணைத்து உள்ளமைப்பை அடுக்கடுக்காக மீட்பது அது. ‘வெட்டுவரைவு’ அதற்கே இருக்கட்டும். ஒரே திசையில் எடுத்த மியூவான் படத்துக்கு அந்தப் பெயரை வைத்தால், இல்லாத ஆழத்தைப் படிப்பவர் அதில் தேடுவார்.