ஏற்றத்தில் தானாகக் கியர் மாற்றிய ஆட்டோ பிக்கப்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

ரிங்லெட்காரன்:
மலேசியாவுல தாப்பாவிலிருந்து கேமரன் மலையில இருக்கிற ரிங்லெட் ஏறுற ரோடு ஓட்டினவங்களுக்குத் தெரியும், வளைவு முடியுறதுக்குள்ள அடுத்த வளைவு. பின்னால காலிக் காய்கறிக் கூடைங்கதான், பாரமே இல்லை. ஆக்சிலேட்டர்ல காலை ஒரே இடத்துல வச்சிருக்கேன். மூணுல இழுத்துக்கிட்டிருந்த வண்டி நாலுக்குப் போச்சு, உடனே ரெண்டுக்கு விழுந்துச்சு. ஆர்பிஎம் முள்ளு 4,000-ஐத் தாண்டித் துள்ளுச்சு. எதிர்ல லோரி. பக்கத்துல அம்மா. அவங்க உள்ளங்கை டாஷ்போர்டுல அறைஞ்ச சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

முதல்ல போன வோர்க்‌ஷாப்ல, கியர்பாக்ஸ் போச்சு, மாத்துங்கன்னுட்டாங்க. விலையைக் கேட்டு ரெண்டு நாள் தூக்கமில்லை. அடுத்த இடத்துல ஒரு பெரியவர். எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட், ஏர்கான் எல்லாத்தையும் போடச் சொன்னார். மீட்டரை ஏசி வோல்ட்ல (ஏர்கான் இல்லை, மாறுதிசை மின்சாரம்) வச்சு பேட்டரி முனையில பிடிச்சார். 0.9 காட்டுச்சு. "அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது தம்பி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்ல, ஏசியை நேர் மின்சாரமா (டிசி) மாத்துற டயோடு போயிருக்கு"ன்னார். மாறாம மிஞ்சுற அந்த ஏசி அலை சென்சார் வயர்ல கலந்து, கியரை மாத்துற கம்ப்யூட்டரைக் குழப்புதாம். ஆல்டர்னேட்டர் பிளக்கைக் கழட்டிட்டு மேட்டுல ஒரு சுத்து ஓட்டிக் காட்டினார், ஒரு உதறல் இல்லை. டிசில பார்த்தா 14 வோல்ட் சரியாவே இருந்துச்சு, பேட்டரி லைட்டும் எரியல. அதனாலதான் முதல் ஆளுக்குச் சந்தேகமே வரல. யாராவது கியர்பாக்ஸ் மாத்துன்னு சொன்னா, தயவுசெஞ்சு முதல்ல இதைப் பாருங்க.

கேட்டி_டிரெய்லர்:
ஹியூஸ்டன் பக்கம். எனக்கு வந்தது உதறல். ஐ-10ல 45 மைல் வேகத்துல, லேசா கால் வச்சா, ரோட்டோர வரிப்பள்ளத்துல டயர் ஏறின மாதிரி ரெண்டு செகண்ட் தடதடன்னு ஆடி நின்னுடும். பிளக், காயில் எல்லாம் மாத்தியாச்சு, காசு போனதுதான் மிச்சம். ஒரு நாள் காலியா இருந்த சர்வீஸ் ரோட்டுல அது ஆடும்போதே, வலது காலை எடுக்காம இடது காலால பிரேக்கை லேசா தொட்டேன். சட்டுனு நின்னுச்சு. பிரேக் விளக்கு எரிஞ்சதும் டார்க் கன்வர்ட்டரோட (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிறது) லாக்கப் கிளட்ச் (ரெண்டையும் நேரா பூட்டுறது) விட்டுடும், அதான். 90,000 மைல் ஓடின கியர் ஆயிலை மாத்தினேன், கம்பெனி புத்தகத்துல சொன்ன அதே வகை. போயே போச்சு. அந்த ஒரு தொடுதலை முதல்லயே செஞ்சிருக்கலாமேன்னு இன்னும் மனசு ஆறல.

சோஹார்_வண்டி:
ரிங்லெட் நண்பரே, உங்களுக்குச் சரியானது சந்தோஷம். ஆனா எல்லாரும் முதல்ல இதைப் பாருங்கன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. இதே மாதிரி ஒருத்தர் எழுதினதைப் படிச்சுட்டு மூணு வாரம் வயரையும் பேட்டரியையும் துரத்தினேன். அந்த மூணு வாரமும் வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா மஸ்கட் போற வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, கியர் டிப்ஸ்டிக்கை (ஆயில் பார்க்கிற கம்பி) இழுத்து வெள்ளைத் துணியில துடைச்சேன். துணியில ரோஸ்மில்க். அப்படியே ரோஸ்மில்க். ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிற கியர் ஆயில் கூலர் உடைஞ்சு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி) கியர்பாக்ஸ்ல கலந்திருக்கு. கூலன்ட் குறையுதுன்னு மூணு தடவை நானே ஊத்தியிருக்கேன், எங்கே போகுதுன்னு யோசிக்கல. கிளட்ச் பிளேட்ல ஒட்டியிருக்கிற உராய்வுப் பூச்சையே அந்தத் தண்ணி பிரிச்சு எடுத்துடும்னு கராஜ்ல காட்டினாங்க, விரலால தள்ளினா உரிஞ்சு வந்துச்சு. மீட்டர் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க. அரை நிமிஷ வேலை.

கிள்ளான்_ஃபிட்டர்:
என் கதை சின்னது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்து பிக்கப், மழை பெஞ்ச மறுநாள் மட்டும் கியர் தடுமாறும். கியர்பாக்ஸ்ல இருந்து வெளியே போற சுற்றை அளக்கிற அவுட்புட் ஸ்பீடு சென்சார் பிளக்கைக் கழட்டினேன், ஒரு ஊசியில பச்சைக் களிம்பு. சுத்தம் பண்ணி, ரப்பர் சீல் புதுசா போட்டேன். முடிஞ்சது.

இப்ப மேல இருக்கிறவங்களுக்கு. சோஹார் தம்பி சொன்னதுல ஆயில் முதல்லங்கிறது சரி. ஆனா ஆயில் சிவப்பா, வாசனை கருகாம இருந்தா அங்கேயே நிக்காதீங்க. கேட்டி தம்பி, பிரேக்கைத் தொட்டதும் நின்னா கன்வர்ட்டர்னு முடிவு கட்டக் கூடாது. எஞ்சின் மிஸ்ஃபயரும் (ஒரு சிலிண்டர் சரியா எரியாம விடுறது) லாக்கப்ல இருக்கும்போதுதான் நல்லா தெரியும், விட்டதும் மறைஞ்சுடும். நீங்க பிளக், காயில் ஏற்கெனவே மாத்தியிருந்ததால அந்த முடிவு சரியா வந்துச்சு. மத்தவங்க மிஸ்ஃபயர் எண்ணிக்கையை ஸ்கேனர்ல பார்த்துட்டு சொல்லுங்க.

ஸ்கேனர்னா, எஞ்சினை மட்டும் படிக்கிற சின்னது போதாது. அது பி0700-ங்கிற கோளாறு கோடை மட்டும் காட்டும். கியர் கம்ப்யூட்டர்ல ஏதோ சேதி இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், என்ன சேதின்னு சொல்லாது. கியர் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி, பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு ஓட்டுங்க. மூணே வரி பார்க்கச் சொல்லுங்க: கம்ப்யூட்டர் கேட்ட கியர், உள்ளே வர்ற சுற்று, வெளியே போற சுற்று. கியர் விழுந்தப்போ கம்ப்யூட்டரே அதைக் கேட்டிருந்தா, அதுக்குத் தப்பான தகவல் போகுது. சென்சார், வயர், எர்த், ஆல்டர்னேட்டர், நெம்புகோல் எந்த இடத்துல இருக்குன்னு சொல்ற ரேஞ்ச் சென்சார்னு அந்தப் பக்கம் தேடுங்க. வெளியே போற சுற்று ஒரு கண்ணிமைப்புல பூஜ்யம் ஆகித் திரும்பினா, வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது அது நடக்கவே நடக்காது. சென்சார் பொய் சொல்லுது. கம்ப்யூட்டர் மூணாவது கியரையே கேட்டுக்கிட்டிருக்க, உள்ளே வர்ற சுற்று மட்டும் எகிறினா, வழுக்குறது உள்ளேதான். அப்ப ஆயில் சட்டியைக் கழட்டுங்க. காந்தத்துல சாம்பல் நிறப் பசை இருக்கும், பயப்பட வேண்டாம். பளபளன்னு சில்லு இருந்தா கியர்பாக்ஸைப் பிரிச்சே ஆகணும்.

பெரிய டயர் போட்டவங்க கம்ப்யூட்டர்ல அளவை மாத்தினீங்களான்னும் பாருங்க. பேட்டரி கழட்டி மாட்டின பிறகு முதல் சில நாள் கியர் முரடா மாறினா, கம்ப்யூட்டர் கியர் மாத்துறதை மறுபடி கத்துக்குது. அதுக்காகப் பார்ட்ஸ் வாங்காதீங்க.

சோஹார்_வண்டி:
ஃபிட்டர் அண்ணே, கேட்ட கியரையும் ஓடுற கியரையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னு எனக்கு அன்னைக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா என் மூணு வாரம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். ரிங்லெட் நண்பரே, கோபம் உங்க மேல இல்லை. உங்க வண்டி ஆயிலைப் பார்த்தீங்களா?

ரிங்லெட்காரன்:
பரவாயில்லைங்க. என் வண்டில டிப்ஸ்டிக்கே கிடையாது. அடியில ஒரு போல்ட், ஆயில் 40 டிகிரி பக்கம் சூடானப்போ திறந்து, சொட்டுதான்னு பார்க்கணும். நீங்க எழுதினதைப் படிச்ச பிறகு நேத்து ரேடியேட்டர் டப்பாவுல கோடு போட்டு வச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் குறையல. சனிக்கிழமை பெரியவர்கிட்ட அந்த போல்ட்டைத் திறக்கச் சொல்லியிருக்கேன். என்ன நிறம் வருதுன்னு வந்து எழுதுறேன்.